"வெறும் புல்தான்" என்று இறங்கிவிடாதீர்கள்: மீட்டெடுத்த காட்டில் சஃபாரி போகிறவர்களுக்கு

சஃபாரி முடிந்து வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் மான், ஒரு மயில். மற்றபடி வெறும் புல்தான்" என்பார்கள். மூன்று மணி நேரம் ஒரு நிலத்தின் ஊடே போய்விட்டு, அந்த நிலத்தையே பார்க்காமல் திரும்புகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அது மீட்டெடுக்கப்பட்ட இடமாக இருந்துவிட்டால் வருத்தம் இன்னும் கூடும். ஒரு காலத்தில் அங்கே வயல் இருந்திருக்கும், அல்லது மாட்டுப் பண்ணை, அல்லது போர் துடைத்துப்போட்ட வெறுமை. இன்று அங்கே புல் நிற்கிறது, மான் மேய்கிறது என்றால் அதற்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

"காட்டை மீட்டெடுக்கிறோம்" என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. 2021 முதல் 2030 வரையிலான காலத்தை, சிதைந்த இயற்கையை மீட்டெடுக்கும் பத்தாண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. ஆனால் பேச்சுவழக்கில் இது "மரம் நடுதல்" என்பதற்கு இன்னொரு பெயராகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. சில இடங்களில் ஒன்றுக்கொன்று நேரெதிரும்கூட.

## கட்டடம் வேறு, குடித்தனம் வேறு

பாழடைந்த வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவரைப் பூசலாம், கூரையை மாற்றலாம், வெள்ளையடிக்கலாம். பார்க்கப் புதிதாக இருக்கும். ஆனால் உள்ளே ஆள் வந்து, அடுப்பு எரிந்து, பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஓடியாடினால்தான் அதைக் குடித்தனம் நடக்கும் வீடு என்போம்.

காடும் அப்படித்தான். மரமும் புல்லும் சுவரும் கூரையும் மாதிரி. யார் எதைத் தின்கிறார்கள், தின்றவர்களின் சாணம் எங்கே விழுகிறது, அதில் எந்த விதை எங்கே போய்ச் சேர்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, தீ எப்போது வருகிறது என்பதெல்லாம் அங்கே நடக்கும் குடித்தனம். இந்தக் கொடுக்கல்வாங்கல் நின்றுபோன இடத்தில் எத்தனை மரம் இருந்தாலும் அது பூட்டிக் கிடக்கும் வீடுதான்.

சூழல் மீட்டெடுப்பு என்பது, சிதைந்துபோன இயற்கை அமைப்பு ஒன்று மறுபடி தன் காலில் நிற்க உதவுவது. "உதவுவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். எலும்பு முறிந்தால் மருத்துவர் நேராக்கிக் கட்டுப் போடுகிறார். எலும்பை ஒட்டவைப்பது உடம்புதான். நிலத்தின் விஷயத்திலும் மனிதர்கள் செய்வது கட்டுப் போடும் வேலை மட்டுமே: களையை அகற்றுவது, விதை கொண்டுவருவது, காணாமல் போன விலங்கைக் கூட்டிவருவது. மிச்சத்தை நிலம் தன் வேகத்தில் செய்துகொள்ளும். அந்த வேகம் நம் பொறுமைக்கு ஒத்துவருவதில்லை.

## புல்லின் உயிர் எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

தலைமுடியை எத்தனை முறை வெட்டினாலும் வளர்கிறது. காரணம், முடி நுனியில் வளர்வதில்லை, அடியில் வளர்கிறது. புல்லும் அப்படியே. ஒரு தாவரத்தில் புதிய வளர்ச்சி கிளம்பும் இடத்தை வளர்முனை என்கிறோம். மரக்கன்றுக்கு அது தண்டின் உச்சியில் இருக்கிறது. மான் அந்த உச்சியைக் கடித்துவிட்டால் கன்று திண்டாடிப்போகும். புல்லுக்கு வளர்முனை தரையோடு தரையாக, சில நேரம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மான் கடிப்பது தாளை மட்டும்தான். கீழிருந்து மறுபடி தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

தீக்கும் இதே கணக்கு. காய்ந்த புல்லில் தீ ஓடும்போது மேலே எல்லாம் கருகிவிடும். ஆனால் தீ வேகமாகக் கடந்துவிடுவதால், சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண் பெரிதாகச் சூடாவதில்லை. ஒரு மழை பெய்தால் போதும், கரிக்கு நடுவே பச்சை எட்டிப்பார்க்கும்.

அப்படியானால் மேய்ச்சலும் தீயும் புல்வெளிக்குக் காவலும்கூட. புல்லுக்கு நடுவே முளைக்கும் மரக்கன்றுகள் தலைதூக்குவதற்குள் ஒன்று தின்னப்படும், அல்லது கருகும். அதனால்தான் புல்வெளி புல்வெளியாகவே பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. எல்லாம் அளவோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க மாடு அடைத்து மேய்த்தாலோ, அடிக்கடி தீ வைத்தாலோ புல்லும் தோற்றுப்போகும். மழைக்காட்டில் தீ வந்தால் அது பேரழிவு. இங்கே சொல்வது, தீயோடும் மேய்ச்சலோடும் சேர்ந்தே வளர்ந்த புல்நிலங்களைப் பற்றி.

இன்னொன்று. மரம் தன் சேமிப்பைத் தண்டிலும் கிளையிலும் வெளியே தெரிய வைத்திருக்கிறது. புல் தன் சேமிப்பைப் பூமிக்குள் புதைத்து வைத்திருக்கிறது. பல பழைய புல்வெளிகளில் மண்ணுக்கு மேலே தெரிவதைவிடக் கீழே இருக்கும் வேர் அதிகம். மழைநீரை உறிஞ்சி மண்ணுக்குள் இறக்குவதும், மண் அரித்துப்போகாமல் பிடித்துக்கொள்வதும் அந்த வேர்தான். காற்றிலிருந்து புல் எடுத்த கார்பனும் பெருமளவு அங்கேதான் இருக்கிறது. மேலே தீப்பிடித்தாலும் அந்தச் சேமிப்பு பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

இது புரியாமல்தான் எத்தனையோ புல்வெளிகளைத் "தரிசு" என்று எழுதிவைத்தார்கள். தரிசு என்றால் எதையாவது நட்டாக வேண்டும் என்று தோன்றும். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் நடப்பட்ட கதை இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த காடு. ஆனால் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு புல்வெளியில் வாழும் விலங்கு. அதற்கு அந்தக் "காடு" அடைத்த கதவு. இத்தகைய இடத்தில் மீட்டெடுப்பு என்றால் கோடரியை எடுத்து அந்த அயல் மரங்களை வெட்டுவது. முதல்முறை கேட்பவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: மீட்டெடுப்பது என்பது நின்றுபோன கொடுக்கல்வாங்கலைத் திரும்ப ஓட வைப்பது. புல்வெளி என்பது மரம் வளரத் தவறிய இடமல்ல, தனக்கென்று முறை கொண்ட முழுமையான வாழிடம். எங்கே எது இருந்ததோ அதைத்தான் அங்கே கொண்டுவர வேண்டும்.

## சும்மா விட்டால் தானாக வந்துவிடாதா?

வந்துவிடும், சில இடங்களில். உழுவதை நிறுத்திய வயலில் முதலில் சின்னச் சின்னப் பூண்டுகள் வரும், அப்புறம் புல், அப்புறம் புதர், கடைசியில் மரம். ஒரு நிலத்தில் தாவரங்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக இடம் பிடிப்பதற்கு வழிமுறை வளர்ச்சி என்று பெயர். பக்கத்திலேயே நல்ல காடு இருந்து, பறவையும் காற்றும் விதை கொண்டுவந்தால் மனிதர்கள் விலகி நிற்பதே பெரிய உதவி.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், காலியான இடத்துக்கு முதலில் ஓடிவருவது பெரும்பாலும் அயல் களைச்செடி. வேறொரு நிலப்பகுதியிலிருந்து வந்து, இங்கே தன்னைத் தின்பாரில்லாமல் பரவி, உள்ளூர்த் தாவரங்களை நெருக்கித் தள்ளும் செடியை இப்படிச் சொல்கிறோம். இந்தியக் காடுகளில் இதற்குப் பெரிய உதாரணம் உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. பூ அழகுதான். கிட்டத்தில் போய்ப் பாருங்கள்: சதுரமான தண்டு, அதில் கொக்கிபோல் வளைந்த சின்ன முள், சொரசொரப்பான இலை, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாடை. மான் அதைச் சீண்டுவதில்லை. ஆனால் அதன் கருநீலப் பழத்தைப் பறவைகள் விரும்பித் தின்று காடெல்லாம் விதைக்கின்றன. சில ஆண்டுகளில் ஆள் நுழைய முடியாத புதராகிவிடும். அடியில் புல் இருக்காது. புல் இல்லாத இடத்தில் மான் ஏன் நிற்கப்போகிறது?

இதை மேலாக வெட்டினால் பயனில்லை, நாலு மடங்காகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். வேர் மறுபடி மண்ணைத் தொடக்கூடாது. ஒவ்வொரு செடியாக, ஒவ்வொரு புதராக. அதோடும் முடியவில்லை. வெறும் மண்ணாக விட்டால் உதிர்ந்து கிடக்கும் விதையிலிருந்து அதே களை மறுபடி வரும். உடனே அந்த இடத்துக்கு உரிய புல்லை விதைத்தோ நட்டோ மூட வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திரும்ப வந்து பிடுங்க வேண்டும். முதுமலையில் மஞ்சள் கொன்றை என்ற இன்னோர் அயல் மரத்தோடும் இதே போராட்டம் நடக்கிறது.

நன்றாகப் பலன் தந்த இடம் ஒன்றையும் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் கானா தேசியப் பூங்காவில் பாரசிங்கா என்ற சதுப்பு மான் இருக்கிறது. கெட்டியான தரையில் வாழப் பழகிய இந்த வகை 1970இல் வெறும் 66 என்ற எண்ணிக்கைக்கு இறங்கிவிட்டது. இந்த மானுக்குப் புல்தான் உணவு, அநேகமாக வேறொன்றும் இல்லை. அதோடு, பிறந்த குட்டியை ஒளித்துவைக்க உயரமான புல் வேண்டும். பூங்காவுக்குள் இருந்த கிராமங்கள் வெளியே மாற்றப்பட்டன, வயல்கள் புல்வெளியாயின, மான்களுக்கென்று வேலியிட்ட பாதுகாப்பிடம் அமைக்கப்பட்டது. இன்று அந்த எண்ணிக்கை பல நூறைத் தாண்டி, சாத்புரா போன்ற வேறு காடுகளுக்கும் அங்கிருந்து மான்களை அனுப்பும் நிலைக்கு வந்திருக்கிறது. கானாவில் நீங்கள் பார்க்கும் அந்தப் பரந்த புல்வெளிகளில் பல, முன்பு யாரோ ஏர் ஓட்டிய வயல்.

## விலங்கைக் கொண்டுவந்து விட்டால் போதுமா?

ஓரிடத்தில் அழிந்துபோன விலங்கை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடுவதை மறு அறிமுகம் என்கிறார்கள். லாரியில் ஏற்றி, கதவைத் திறந்துவிடும் காட்சி செய்திகளில் அழகாக இருக்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் பாடம்.

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க், அணைந்துபோன பழைய எரிமலை வட்டத்துக்குள் இருக்கும் பூங்கா. விவசாயமும் பண்ணைகளும் இருந்த நிலம். 1979 முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான விலங்குகள் அங்கே கொண்டுவரப்பட்டன. யானைகளும் வந்தன. ஆனால் வளர்ந்த யானையை லாரியில் ஏற்றும் வசதி அன்று இல்லாததால், அதே நாட்டின் குரூகர் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்கச் சுடப்பட்ட கூட்டங்களில் மிஞ்சிய அநாதைக் குட்டிகள்தான் வந்தன. அவை வளர்ந்தன. 1992க்கும் 1997க்கும் இடையே 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. கொன்றவை அந்த இளம் ஆண் யானைகள். வழக்கமான வயதுக்கு முன்பே அவற்றுக்கு மதம் பிடித்தது, பிடித்த மதம் நீண்ட நாள் இறங்கவுமில்லை.

1998இல் குரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்கள் முன்னால் இளையவற்றின் மதம் அடங்கியது, கொலை நின்றது. முன்பு சொன்னேனே, வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் என்று, அது பேச்சுக்குச் சொன்னதல்ல. யானையின் எண்ணிக்கை திரும்பியிருந்தது, யானைக் குடும்பம் திரும்பவில்லை. அதுதான் அங்கே குறை.

மொசாம்பிக்கின் கோரோங்கோசா இன்னொரு கதை. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அங்கிருந்த பெரிய விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. 2004 முதல் மீட்டெடுப்பு நடக்கிறது. தின்பாரில்லாத காலத்தில் அங்கே மிமோசா என்ற முள் புதர், நம் தொட்டாற்சிணுங்கிக்கு உறவு, சமவெளியை மூடியிருந்தது. மேய்ச்சல் விலங்குகள் பெருகியதும் அவையே அதைத் தின்று குறைத்தன. கொடுக்கல்வாங்கல் திரும்பியது என்று சொல்வது இதைத்தான். ஆனால் பழைய காடு அச்சு அசலாகத் திரும்பவில்லை. போருக்கு முன் எருமை ஆயிரக்கணக்கில் இருந்த சமவெளியில் இன்று வாட்டர்பக் என்ற மான் வகைதான் அரை லட்சத்துக்கும் மேல். யானைகளிலும் தழும்பு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. போரில் தந்தத்துக்காகத் தந்தமுள்ளவை தேடித் தேடிக் கொல்லப்பட்டன. பிறவியிலேயே தந்தமில்லாத பெண் யானைகள் போருக்கு முன் சுமார் ஐந்தில் ஒன்று, போருக்குப் பின் சுமார் பாதி. தப்பித்தவை தங்கள் பெண் குட்டிகளுக்கும் அந்தத் தன்மையைக் கொடுத்தன.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய்கள் திரும்பியதால் மான்கள் குறைந்து, கரையோர மரங்கள் தழைத்து, ஆறே மாறிவிட்டது என்ற கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். 1995, 1996இல் ஓநாய்கள் திரும்பியது உண்மை, சில இடங்களில் ஓடைக்கரையில் வளரும் வில்லோ மரங்கள் தழைத்ததும் உண்மை. ஆனால் ஓநாய் இல்லாத காலத்தில் மரக்கிளைகளால் ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்குகளும் பல ஓடைகளை விட்டுப் போயிருந்தன, ஓடை ஆழமாக அரித்து நீர்மட்டம் இறங்கியிருந்தது. அங்கெல்லாம் ஓநாய் வந்தும் வில்லோ சரியாக மீளவில்லை. ஒரு விலங்கு வந்து எல்லாவற்றையும் சரிசெய்தது என்று யாராவது சொன்னால், கூட யார் யார் இல்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, விலங்கு திரும்பினால் மட்டும் போதாது, அதன் உறவுகளும் திரும்ப வேண்டும். திரும்பினாலும் பழைய படம் அப்படியே வராது.

## சரி, வண்டியில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

சஃபாரி என்பது சுவாஹிலி மொழியில் பயணம் என்று பொருள்படும் சொல். பயணமாகவே போங்கள், வேட்டைக் கணக்கோடு போகாதீர்கள்.

முதலில் தரையைப் பாருங்கள். பாதையில் புது யானை லத்தி கிடந்தால் வண்டியைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். இறங்க வேண்டாம், மேலிருந்தே தெரியும். மழைக்குப் பிந்தைய நாட்களில் சில நிமிடங்களிலேயே சாண வண்டுகள் ரீங்காரத்தோடு வந்து இறங்கும். சில வண்டுகள் லத்திக்கு அடியிலேயே குழி தோண்டி அதை உள்ளே இழுக்கும். சில உருண்டை பிடித்து, தலை கீழாகப் பின்னங்காலால் உருட்டிக்கொண்டு போகும். அந்த உருண்டை எங்கேயோ புதையும்போது மண்ணுக்கு உரம் சேர்கிறது, உள்ளே இருக்கும் விதைக்கு ஓர் இடம் கிடைக்கிறது. பழைய லத்தி சிதறிக் கிடந்தால் அதிலிருந்து கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். யானை, வண்டு, விதை மூன்றும் வேலைக்குத் திரும்பிவிட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் மரங்களின் அடிப்பகுதி. மான்கள் நிறைந்த இடத்தில் மரத்தின் கீழ்த்தழை எல்லாம் ஒரே உயரத்தில் கத்தரித்தாற்போல் இருக்கும். எட்டும் வரை தின்றிருக்கின்றன என்று பொருள். எங்கு பார்த்தாலும் அப்படி, ஒரு கன்றுகூடத் தரையில் மிஞ்சவில்லை என்றால், மேய்கிறவை அளவுக்கு மேல் போய்விட்டனவோ என்று யோசிக்கலாம்.

கருகிய திட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். பல பூங்காக்களில் பெரிய தீயைத் தடுக்கவும் இளம்புல் துளிர்க்கவும் பகுதி பகுதியாகத் திட்டமிட்டு எரிக்கிறார்கள். காட்டுத்தீயா, திட்டமிட்டதா என்று வழிகாட்டியிடமே கேட்கலாம். காடும் புல்வெளியும் சேரும் விளிம்பில் மட்டும் கூடுதல் நேரம் நில்லுங்கள். மேயப் புல்லும் ஒளிய மரமும் ஒரே இடத்தில் கிடைப்பதால் காலையிலும் மாலையிலும் நடமாட்டம் அங்கேதான் அதிகம்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கிளம்பும் முன் காலணியையும் காலுறையையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். முந்தைய பயணத்தில் ஒட்டிய ஒட்டுப்புல் விதையோ களை விதையோ உங்களோடு உள்ளே வரக்கூடாது. பாதையை விட்டு வண்டியை இறக்கச் சொல்லி ஓட்டுநரை நெருக்காதீர்கள். வானம்பாடி போன்ற புல்வெளிப் பறவைகள் தரையில்தான் கூடு கட்டுகின்றன. சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

## இங்கே முன்பு யார் இருந்தார்கள்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலான சஃபாரிகளில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கானாவில் வயல்கள் புல்வெளியானதற்குப் பைகா, கோண்டு பழங்குடி மக்கள் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. காட்டை நன்கு அறிந்தவர்கள் அவர்கள். எந்தப் புல் எப்போது முற்றும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். காட்டில் வாழ்ந்தவர்களின் உரிமையை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம் இந்தியாவில் 2006இல்தான் வந்தது. மான் மீண்டது எவ்வளவு உண்மையோ, அதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டதும் அவ்வளவு உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது இரண்டு தரப்புக்கும் செய்யும் அநியாயம்.

வழிகாட்டிகளில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். பேச்சுக் கொடுத்தால் சொல்வார்கள்: இங்கே கிணறு இருந்தது, அந்த மாமரம் யாரோ வைத்தது, அதோ அங்கே களம் இருந்தது என்று. வெயில் சாயும் நேரத்தில், பழைய வயலாக இருந்த புல்வெளியைச் சற்றே குனிந்து பாருங்கள். நிழல் நீளும்போது புல்லுக்கு அடியில் நேர்கோடாக மெல்லிய மேடுகள் தெரியும். அவை வரப்புகள். உழுதவர்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் கரையாமல் இருக்கின்றன. மழை நாளில் இப்போதும் அவற்றின் ஓரமாகத்தான் தண்ணீர் தேங்கும், அங்கேதான் புல் கொஞ்சம் கூடுதல் பச்சையாக நிற்கும், மான்களும் அங்கே வந்துதான் முதலில் வாய்வைக்கும்.